புதிய செவிலியரின் நிலைமாற்ற அதிர்ச்சி

புதிய செவிலியரின் நிலைமாற்ற அதிர்ச்சி என்பது, செவிலியக் கல்வியை முடித்து முதன்முறையாகப் பணியில் சேரும் ஒருவர், மாணவர் என்ற நிலையிலிருந்து பொறுப்புள்ள செவிலியர் என்ற நிலைக்கு மாறும்போது அடையும் அச்சம், தன்மீதான ஐயம், குழப்பம், களைப்பு ஆகியவற்றின் தொகுப்பாகும். இது ஒரு நோய் அன்று. தனிப்பட்ட ஒருவரின் குணக்குறையும் அன்று. கல்லூரி கற்பித்தவற்றுக்கும் மருத்துவமனை வார்டு எதிர்பார்ப்பவற்றுக்கும் இடையே உள்ள இடைவெளியிலிருந்து இது எழுகிறது. பலருக்கு இவ்வதிர்ச்சி பணியின் முதல் சில மாதங்களில் கடுமையாக இருந்து, ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் படிப்படியாகத் தணிகிறது.

இரண்டு காரணங்களால் இது ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றது. ஒன்று, இக்காலத்தில்தான் புதிய செவிலியர்கள் பலர் வேலையையோ தொழிலையோ விட்டு விலகுகின்றனர். மற்றொன்று, அச்சம் நோயாளரின் பாதுகாப்போடு நேரடித் தொடர்புடையது. அச்சமுற்ற செவிலியர் ஐயத்தைக் கேட்டுத் தெளிந்தால் அவ்வச்சம் நோயாளரைக் காக்கும். அதை மறைத்துக்கொண்டு ஊகத்தின்பேரில் செயற்பட்டால் அதே அச்சம் நோயாளருக்குத் தீங்காகும். எனவே அச்சத்தை முற்றிலும் நீக்குவதைவிட, அதைக் கேள்வியாக மாற்றப் பழகுவதே இக்காலத்தின் முதன்மைப் பணி எனலாம்.

பெயர்

அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974 இல் வெளியிட்ட நூலில் இந்நிலையை "நடைமுறை அதிர்ச்சி" என்று பொருள்படும் சொல்லால் குறித்தார். செவிலியர்கள் ஏன் தொழிலை விட்டுச் செல்கின்றனர் என்பதே அந்நூலின் கேள்வி. வேற்று நாட்டில் குடியேறுபவர் அடையும் பண்பாட்டு அதிர்ச்சியோடு இதனை அவர் ஒப்பிட்டார். கல்லூரியும் மருத்துவமனையும் ஒரே மொழியைப் பேசினாலும் வெவ்வேறு விழுமியங்களைக் கொண்ட இரு நாடுகள் போன்றவை என்பது அவர் கருத்தின் சாரம்.

கனடாவைச் சேர்ந்த ஜூடி பாய்ச்சக் டட்சர் 2009 இல் "நிலைமாற்ற அதிர்ச்சி" என்ற கோட்பாட்டை முன்வைத்தார். உணர்வு, உடல், அறிவு, சமூகப் பண்பாடு ஆகிய நான்கு தளங்களிலும் மாற்றம் ஒரே நேரத்தில் நிகழ்கிறது என்பதை இக்கோட்பாடு வலியுறுத்துகிறது. இக்கட்டுரையில் இப்பெயரே பயன்படுத்தப்படுகிறது.

வரலாற்றுப் பின்னணி

புளோரன்சு நைட்டிங்கேல் 1860 இல் இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். அதன்பின் பல நாடுகளில் பரவிய பயிற்சிமுறையில் மாணவியர் மருத்துவமனையிலேயே தங்கி, வார்டு வேலைகளைச் செய்துகொண்டே கற்றனர். அம்முறையில் மாணவியரின் உழைப்பு சுரண்டப்பட்டது என்ற குறை உண்டு. ஆயினும் படிப்பு முடியும் நாளில் வார்டு அவர்களுக்குப் புதிய இடமாக இருக்கவில்லை.

20ஆம் நூற்றாண்டில் செவிலியக் கல்வி படிப்படியாகக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மாறியது. செவிலியக் கல்வி உயர்கல்வி நிறுவனங்களில் நடைபெற வேண்டும் என்று அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1965 இல் அறிவித்தது. பிரித்தானியாவில் 1986 இல் முன்மொழியப்பட்ட திட்டம் ஒன்று அதே திசையில் மாற்றத்தைத் தொடங்கியது. இதனால் உடலியல், மருந்தியல், ஆய்வுமுறை போன்றவற்றில் செவிலியரின் அறிவு ஆழமானது. அதே வேளையில் கல்விக்கூடத்துக்கும் வார்டுக்கும் இடையே ஓர் இடைவெளியும் தோன்றியது. கிரேமரின் நூல் இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்டதாகும்.

காரணங்கள்

பொறுப்பின் திடீர் உயர்வு

மாணவர் ஓரிரு நோயாளர்களை ஆசிரியரின் மேற்பார்வையில் கவனிக்கிறார். பணியில் சேர்ந்தபின் பல நோயாளர்களை ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியுள்ளது. ஒவ்வொரு செயலும் தனித்தனியே அவருக்குத் தெரிந்ததாக இருக்கலாம். ஆனால் ஒருவருக்கு ஊசி போடும் நேரமும், மற்றொருவர் அறுவை அரங்கிலிருந்து திரும்பும் நேரமும், வேறொருவரின் உறவினர் கேள்வி கேட்கும் நேரமும் ஒன்றாக அமையும்போது எதை முதலில் செய்வது என்பதே புதிய கேள்வியாகிறது. வரிசைப்படுத்தும் இத்திறனை வகுப்பறையில் முழுமையாகக் கற்பிக்க இயலாது.

தவறின் விலை

பல தொழில்களில் புதியவரின் பிழை பின்னர் திருத்தப்படும். கணினி நிரல் ஒன்றில் உள்ள வழு சோதனையில் பிடிபடலாம். ஆனால் நரம்பில் செலுத்தப்பட்ட மருந்தைத் திரும்ப எடுக்க இயலாது. நீர்க்காத செறிவான பொட்டாசியம் குளோரைடு நரம்பில் நேரடியாகச் செலுத்தப்பட்டால் இதயம் நின்றுவிடும். இதை அறிந்திருப்பதனாலேயே செவிலியர் அஞ்சுகிறார். ஆகவே அச்சம் அறியாமையின் அடையாளமாக மட்டும் இருப்பதில்லை. பல வேளைகளில் அது அறிவின் விளைவாகும்.

பணிக்குழுவின் நடத்தை

கேள்வி கேட்பவரை ஏளனம் செய்தல், தகவலை வேண்டுமென்றே சொல்லாமல் விடுதல், பிறர் முன் கடிந்துரைத்தல் போன்றவை அதிர்ச்சியைக் கடுமையாக்குகின்றன. செவிலியர்கள் தம் இளையோரைத் தாமே விழுங்குகின்றனரா என்ற கேள்வியை ஜூடித் மெய்சினர் 1986 இல் ஒரு கட்டுரையின் தலைப்பாகவே எழுப்பினார். அன்றுமுதல் அத்தொடர் ஆங்கிலச் செவிலிய உலகில் நிலைபெற்றுவிட்டது.

உடற்களைப்பு

இரவுப் பணியும் மாறிவரும் பணிநேரமும் உறக்கத்தைக் கெடுக்கின்றன. உறக்கக் குறைவு கவனத்தையும் நினைவாற்றலையும் குறைப்பதுடன் கவலையையும் மிகுவிக்கிறது. "எனக்குத் திறமை இல்லை" என்று ஒருவர் முடிவு செய்யும் வேளையில், உண்மையில் அவருக்கு உறக்கம் இல்லாமல் இருக்கலாம்.

கட்டங்கள்

கிரேமர் இம்மாற்றத்தை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்.

1. தேனிலவுக் கட்டம்: படிப்பு முடிந்த மகிழ்ச்சி, சீருடை, முதல் ஊதியம். எல்லாம் நன்றாகத் தோன்றும்.
2. அதிர்ச்சிக் கட்டம்: கற்றபடி செய்ய இயலாமை வெளிப்படும். சினம், சோர்வு, குற்ற உணர்வு ஆகியன தோன்றும்.
3. மீட்சிக் கட்டம்: நகைச்சுவை உணர்வு திரும்பும். நிகழ்வுகளை ஓரளவு விலகி நின்று பார்க்க இயலும்.
4. தீர்வுக் கட்டம்: இரு உலகங்களின் விழுமியங்களையும் இணைத்துக்கொள்ளுதல், ஒன்றைக் கைவிடுதல், அல்லது தொழிலை விட்டு விலகுதல் என ஏதேனும் ஒரு முடிவு எட்டப்படும்.

டட்சர் 2008 இல் வெளியிட்ட ஆய்வில் முதல் 12 மாதங்களைச் செய்தல், இருத்தல், அறிதல் என்று மூன்றாகப் பகுத்தார். முதல் மூன்று நான்கு மாதங்களில் புதியவர் கொடுக்கப்பட்ட வேலைகளை நேரத்துக்குள் செய்து முடிப்பதிலேயே முழுக் கவனத்தையும் செலுத்துகிறார். அடுத்த சில மாதங்களில் வேலைகள் கைவரப்பெறுகின்றன. ஆனால் "இத்தொழில் எனக்கு உரியதா" என்ற ஐயம் வலுக்கிறது. ஆண்டின் இறுதிப் பகுதியில் தம்மை ஒரு செவிலியராகவே உணரத் தொடங்குகிறார்.

இங்குக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. திறன் வளரும் வேகமும் நம்பிக்கை வளரும் வேகமும் ஒன்றல்ல. ஐந்தாம் ஆறாம் மாதத்தில் ஒருவர் முதல் மாதத்தைவிட மிகுந்த திறனுடையவராக இருந்தும், முன்பைவிட மிகுந்த ஐயத்துடன் இருக்கலாம். தமக்குத் தெரியாதவை எவை என்பது அப்பொழுதுதான் அவருக்குத் தெரியத் தொடங்குகிறது. இது பின்னடைவு அன்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கேத்தி கேசி, ரெஜினா பிங்க் முதலியோர் நடத்தி 2004 இல் வெளியிட்ட ஆய்வும், புதியவர்கள் பணியில் இயல்பாக உணர ஏறத்தாழ 12 மாதங்களாவது ஆகின்றன என்று காட்டியது.

தொடக்கநிலையரின் பார்வை

மூத்த செவிலியர் ஒருவர் வார்டுக்குள் நுழைந்தவுடன் ஒரு நோயாளரைப் பார்த்து "இவருக்கு ஏதோ சரியில்லை" என்கிறார். புதியவருக்கு அது தெரிவதில்லை. இந்த வேறுபாட்டைப் பற்றிச் சிந்தித்தவர் பட்ரீசியா பென்னர். விமான ஓட்டிகள், சதுரங்க ஆட்டக்காரர்கள் ஆகியோரின் திறன் வளர்ச்சியை ஆராய்ந்த டிரைபசு சகோதரர்களின் கருத்தைச் செவிலியத்துக்குப் பொருத்தி, 1984 இல் அவர் ஒரு நூலை வெளியிட்டார். அதன்படி திறன் ஐந்து நிலைகளில் வளர்கிறது: தொடக்கநிலையர், முன்னேறிய தொடக்கநிலையர், தகுதி பெற்றவர், தேர்ச்சி பெற்றவர், வல்லுநர்.

புதிதாகப் பட்டம் பெற்றவர் பொதுவாக இரண்டாம் நிலையில் இருக்கிறார். ஒரே வகையான சூழலில் இரண்டு மூன்று ஆண்டுகள் பணியாற்றியபின் மூன்றாம் நிலையை அடைகிறார் என்று பென்னர் கருதினார். வல்லுநரின் உள்ளுணர்வு பிறவிக்கொடை அன்று. நூற்றுக்கணக்கான நோயாளர்களைக் கண்டதன் தொகுப்பு. எனவே புதியவர் தம்மைப் பத்தாண்டு அனுபவமுள்ளவரோடு ஒப்பிட்டு வருந்துவது பொருத்தமற்றது. மூன்று மாதங்களுக்கு முந்தைய தம்மோடு ஒப்பிடுவதே சரியான அளவுகோலாகும். இதே மூத்த செவிலியரை வேறொரு பிரிவுக்கு மாற்றினால் அவரும் சில காலம் கீழ்நிலைக்கு இறங்குவார் என்பதும் பென்னரின் கோட்பாட்டிலிருந்து பெறப்படுகிறது.

தன்மீதான ஐயமும் போலியுணர்வும்

தகுதியால் பெற்ற வெற்றியையும் தற்செயல் என்று எண்ணி, "என் உண்மை நிலை ஒருநாள் வெளிப்பட்டுவிடும்" என்று அஞ்சும் மனநிலையைப் பாலின் கிளான்சு, சுசான் ஐம்சு ஆகிய உளவியலாளர்கள் 1978 இல் விளக்கினர். இதனைப் போலியுணர்வு எனலாம். நோயாளரும் உறவினரும் புதியவரைச் "சிஸ்டர்" என்று நம்பிக்கையோடு அழைக்கும்போது, அந்த அழைப்புக்குத் தாம் உரியவரல்லர் என்ற எண்ணம் எழுவது இதன் ஒரு வடிவமே.

தன்னாற்றல் மீதான நம்பிக்கை எவ்வாறு உருவாகிறது என்பதை ஆல்பர்ட் பண்டூரா 1977 இல் ஆராய்ந்தார். அவர் நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார்:

* தானே ஒரு செயலைச் செய்து வெற்றி பெறுதல்
* தன்னைப் போன்ற பிறர் செய்து வெற்றி பெறுவதைக் காணுதல்
* நம்பத்தக்கவர் சொல்லும் ஊக்கமொழி
* உடலின் நிலையும் உணர்வும் (படபடப்பு, வியர்வை போன்றவற்றை எவ்வாறு பொருள்கொள்கிறோம் என்பது)

இவற்றுள் முதலாவதே மிக வலுவானது. "உன்னால் முடியும்" என்று பலமுறை சொல்வதைவிட, மேற்பார்வையுடன் ஒருமுறை சரியாகச் செய்யவைப்பது மிகுந்த பயன் தரும். நம்பிக்கை வந்தபின் செயலைத் தொடங்கலாம் என்று காத்திருப்பவருக்கு நம்பிக்கை வருவதில்லை. செயலைத் தொடர்ந்தே அது வருகிறது.

எதிர்கொள்ளும் வழிமுறைகள்

அச்சத்தைப் பெயரிட்டுப் பிரித்தல்

"எல்லாவற்றுக்கும் பயமாக இருக்கிறது" என்ற நிலையில் எதுவும் செய்ய இயலாது. அதையே "சொட்டு மருந்தின் வேகத்தைக் கணக்கிடுவதில் ஐயம்", "இரவில் மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கத் தயக்கம்", "இதயம் நின்றவருக்கு முதலுதவி செய்ததில்லை" என்று பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் கற்கத்தக்க ஒரு திறனாகிவிடுகிறது.

கணக்கை எழுதிச் செய்தல்

மனக்கணக்கு பதற்றத்தில் தவறும். எடுத்துக்காட்டாக, 500 மி.லி. நீர்மத்தை 4 மணி நேரத்தில் செலுத்த வேண்டும், ஐ.வி. செட் ஒரு மி.லி.க்கு 20 துளிகள் தருவது என்று கொள்வோம். மொத்தத் துளிகள் 500 × 20 = 10,000. நேரம் 4 × 60 = 240 நிமிடம். 10,000 ÷ 240 = 41.7. அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளிகள். ஒரு மி.லி.க்கு 15 துளிகள் தரும் செட் எனில் விடை 31 ஆகும். எனவே உறையில் அச்சிட்டுள்ள எண்ணை ஒவ்வொரு முறையும் பார்ப்பது கணக்கின் ஒரு பகுதியாகும்.

இன்சுலின், எப்பாரின் போன்ற மிகு எச்சரிக்கை மருந்துகளை இருவர் தனித்தனியே சரிபார்க்கும் வழக்கம் பல மருத்துவமனைகளில் உள்ளது. இரண்டாமவர் முதலாமவரின் விடையைப் பார்க்காமல் தாமே கணக்கிட வேண்டும். இல்லையெனில் பிழையும் சேர்ந்தே ஏற்கப்பட்டுவிடும்.

எச்சரிக்கை மதிப்பெண்

அனுபவத்தின் உள்ளுணர்வு இல்லாத இடத்தை எண்கள் ஓரளவு நிரப்புகின்றன. பிரித்தானியாவின் அரச மருத்துவர் கல்லூரி 2012 இல் தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையை வெளியிட்டு 2017 இல் அதைத் திருத்தியது. மூச்சு வீதம், குருதி ஆக்சிசன் செறிவு, குருதி அழுத்தம், நாடித்துடிப்பு, உணர்வுநிலை, வெப்பநிலை ஆகிய ஆறு அளவீடுகளுக்கும் இயல்பிலிருந்து விலகும் அளவுக்கேற்ப 0 முதல் 3 வரை மதிப்பெண் தரப்படுகிறது. வெளியிலிருந்து ஆக்சிசன் தரப்பட்டால் மேலும் 2 சேர்க்கப்படும். கூட்டுத்தொகை 5 எனில் விரைவில் மருத்துவர் பார்க்க வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் எனில் அவசர நிலை. 16 வயதுக்குட்பட்டோருக்கும் கருவுற்றோருக்கும் இம்முறை பொருந்தாது.

எடுத்துக்காட்டாக, வயிற்று அறுவைக்குப்பின் இரண்டாம் நாள் இரவில் ஒரு நோயாளரின் அளவீடுகள் பின்வருமாறு இருப்பதாகக் கொள்வோம்.

* மூச்சு வீதம் நிமிடத்துக்கு 24: மதிப்பெண் 2
* ஆக்சிசன் செறிவு 94 விழுக்காடு: மதிப்பெண் 1
* மேல் குருதி அழுத்தம் 104: மதிப்பெண் 1
* நாடித்துடிப்பு 112: மதிப்பெண் 2
* வெப்பநிலை 38.2 பாகை செல்சியசு (ஏறத்தாழ 100.8 பாகை பாரன்ஃகைட்டு): மதிப்பெண் 1
* விழிப்புடன் பேசுகிறார்: மதிப்பெண் 0

தனித்தனியே பார்த்தால் எந்த எண்ணும் பெரிதும் அச்சுறுத்துவதாக இல்லை. "காலையில் சொல்லலாம்" என்று புதியவர் எண்ணக்கூடும். ஆனால் கூட்டுத்தொகை 7. இது நோய்த்தொற்று குருதியில் பரவுவதன் தொடக்கமாகவும் இருக்கலாம். இப்பொழுது மருத்துவரை அழைப்பதற்கான காரணம் செவிலியரின் துணிவைச் சார்ந்ததாக இல்லாமல் தாளில் உள்ள எண்ணைச் சார்ந்ததாகிவிடுகிறது. தயங்குபவருக்கு இதுவே பெரிய துணை.

சொல்லும் முறை

என்ன சொல்வது என்று தெரியாமையே அழைக்கத் தயங்குவதன் முதன்மைக் காரணமாகும். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு படிகளில் தகவலைச் சொல்லும் முறை இதற்காகப் பயன்படுகிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் வழங்கிய முறையைத் தழுவி, கைசர் பெர்மனெந்தே என்னும் அமெரிக்க நலவாழ்வு நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் இதனை மருத்துவத் துறைக்குக் கொண்டுவந்தது. மேற்கண்ட நோயாளரைப் பற்றி இவ்வாறு சொல்லலாம்:

* நிலைமை: "டாக்டர், ஆண்கள் அறுவை வார்டிலிருந்து செவிலியர் பேசுகிறேன். 12ஆம் படுக்கை நோயாளியின் எச்சரிக்கை மதிப்பெண் 7."
* பின்னணி: "குடல் அறுவை முடிந்து இரண்டாம் நாள். மாலை வரை மதிப்பெண் 2 ஆக இருந்தது."
* மதிப்பீடு: "நாடியும் மூச்சும் கூடியுள்ளன, காய்ச்சல் உள்ளது. நோய்த்தொற்றாக இருக்குமோ என்று ஐயுறுகிறேன்."
* பரிந்துரை: "உடனே வந்து பார்க்க வேண்டுகிறேன். நீங்கள் வருமுன் குருதி மாதிரி எடுத்து வைக்கட்டுமா?"

மருத்துவர் தொலைபேசியில் ஆணை சொன்னால் அதை எழுதி, திரும்பப் படித்துக்காட்டி உறுதிசெய்தல் வேண்டும். மருத்துவர் பொருட்படுத்தாவிட்டால், "கவலையாக உள்ளது", "இதை ஏற்க இயலவில்லை", "இது பாதுகாப்பைப் பற்றியது" என்று படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டிச் சொல்லும் முறையை 2006 இல் அமெரிக்க அரசு வெளியிட்ட குழுப்பயிற்சித் திட்டம் கற்பிக்கிறது. அதன்பின்னும் பயனில்லையெனில் பொறுப்புச் செவிலியருக்கும் அடுத்த நிலை மருத்துவருக்கும் தெரிவிப்பது விதிமீறல் அன்று, கடமை.

தெரியாது என்று சொல்லுதல்

"எனக்கு இது தெரியாது, செய்யும்போது உடனிருப்பீர்களா?" என்ற கேள்வி ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்கிறது. கேட்காமல் விட்டதன் விளைவு பல நாட்களை எடுத்துக்கொள்ளலாம். கேள்வியை "நான் இதுவரை பார்த்தது இது, நினைப்பது இது, ஐயம் இந்த இடத்தில்" என்று வடிவமைத்தால், மூத்தவரும் எளிதில் விடையளிக்க இயலும்.

தவறு நேர்ந்தால்

எல்லா முன்னெச்சரிக்கைகளுக்கும் பின்னர் தவறு நேரக்கூடும். அப்பொழுது செய்ய வேண்டியவற்றின் வரிசை தெளிவானது: முதலில் நோயாளரின் நிலையைப் பார்த்துத் தேவையானதைச் செய்தல், உடனே மருத்துவருக்கும் பொறுப்புச் செவிலியருக்கும் தெரிவித்தல், நடந்ததை நடந்தபடி பதிவு செய்தல். பதிவேட்டைத் திருத்துவதும் மறைப்பதும் தவறைக் குற்றமாக்கிவிடும்.

எமி எட்மண்ட்சன் 1996 இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. நல்ல தலைமையுள்ள செவிலியர் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. மாறாக, அக்குழுக்களில் பதிவான தவறுகள் மிகுதியாக இருந்தன. அவர்கள் மிகுதியாகத் தவறு செய்தார்கள் என்பது இதன் பொருள் அன்று. தண்டனைக்கு அஞ்சாமல் தவறுகளைப் பேசினார்கள் என்பதே அவர் தந்த விளக்கம். குழுவில் மனம்திறந்து பேச இயலும் இந்நிலையைப் பின்னர் 1999 இல் அவர் "உளப் பாதுகாப்பு" என்ற கருத்தாக விரித்தார்.

தவறில் தொடர்புடைய மருத்துவப் பணியாளரும் ஆழ்ந்த துயரத்துக்கு ஆளாகின்றனர். ஆல்பர்ட் வூ 2000 இல் அவர்களை "இரண்டாம் பாதிப்பாளர்" என்று அழைத்தார். உறக்கமின்மை, மீண்டும் மீண்டும் நிகழ்வு நினைவில் எழுதல், பணிக்குச் செல்ல அஞ்சுதல் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினாலோ, அது தானாகத் தணியும் நிலைமாற்ற அதிர்ச்சி என்று விட்டுவிடத்தக்கதன்று. உடனடியாக மனநல மருத்துவரின் உதவி தேவை.

நிறுவனங்களின் பொறுப்பு

நீரில் தள்ளிவிட்டால் நீந்தக் கற்றுக்கொள்வார் என்ற எண்ணம் மருத்துவமனைக்குப் பொருந்தாது. இங்கு மூழ்குபவர் நோயாளராகவும் இருக்கலாம். இதனை உணர்ந்து பல நாடுகள் பணித்தொடக்கத் திட்டங்களை உருவாக்கின.

* அமெரிக்காவில் பல்கலைக்கழக மருத்துவமனைகளின் கூட்டமைப்பும் செவிலியக் கல்லூரிகளின் சங்கமும் இணைந்து 2002 இல் ஓராண்டுப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கின. அந்நாட்டு மருத்துவக் கழகம் 2010 இல் வெளியிட்ட அறிக்கை இத்தகைய திட்டங்களைப் பரிந்துரைத்தது.
* இசுக்காட்லாந்து 2006 இல் புதிய செவிலியருக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது.
* சப்பான் 2010 முதல் புதிய செவிலியருக்குப் பயிற்சியளிக்க முயல்வதை மருத்துவமனைகளின் சட்டக் கடமையாக்கியது.
* இங்கிலாந்து 2022 இல் வழிகாட்டிச் செவிலியர் முறைக்கான தேசியச் சட்டகத்தை வெளியிட்டது.

இவற்றின் பொதுக்கூறுகள் சில: புதியவருக்கென ஒரு வழிகாட்டிச் செவிலியர், நோயாளர் எண்ணிக்கையைப் படிப்படியாகக் கூட்டுதல், மாதந்தோறும் புதியவர்கள் ஒன்றுகூடிப் பேசும் நேரம், உருவகப் பொம்மைகளில் அவசரநிலைப் பயிற்சி. ஒன்றுகூடிப் பேசுவது எளிய செயலாகத் தோன்றினாலும், தமக்கு மட்டுமே அச்சம் என்று எண்ணியிருந்தவர் அனைவருக்கும் அது உண்டு என அறிவதே பெரும் ஆறுதலாகிறது.

தமிழ்ச் சூழலில்

தமிழ்நாட்டில் செவிலியர் என்றும் இலங்கையில் தாதியர் என்றும் இத்தொழிலர் அழைக்கப்படுகின்றனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 இல் செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கப்பட்டது. இந்தியாவில் இப்பட்டப்படிப்பை முதலில் தொடங்கிய நிறுவனங்களில் அதுவும் ஒன்று. இந்தியாவில் இளநிலைப் பட்டம் நான்காண்டுக் கல்வியாகும்.

தமிழ்நாட்டுச் செவிலியர் பலருக்குக் கூடுதலாக ஒரு மொழி இடைவெளியும் உண்டு. பாடநூலும் தேர்வும் ஆங்கிலத்தில். நோயாளரின் பேச்சு தமிழில். "நெஞ்சு கரிக்குது", "மேல் மூச்சு வாங்குது", "கிறுகிறுங்குது" என்று நோயாளர் சொல்வதை மருத்துவக் குறிப்பாக மாற்றுவதும், மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதை உறவினருக்கு விளங்கச் சொல்வதும் செவிலியரின் அன்றாடப் பணி. தமிழ் வழியில் பள்ளிக்கல்வி முடித்தவர்கள் கல்லூரியில் ஆங்கிலத்தால் இடர்ப்பட்டிருக்கலாம். ஆயினும் வார்டில் நோயாளரின் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ளும் ஆற்றல் அவர்களுடைய வலிமையாகிறது.

இந்தியாவில் காணப்படும் ஓர் இடர் இன்சுலினைப் பற்றியது. இங்கு ஒரு மி.லி.க்கு 40 அலகு செறிவும் 100 அலகு செறிவும் புழக்கத்தில் உள்ளன; ஊசிக்குழல்களும் அவ்வாறே இருவகை. 40 அலகுக்குரிய ஊசிக்குழலில் 100 அலகுச் செறிவுள்ள மருந்தை 20 என்ற கோடு வரை எடுத்தால் நோயாளருக்குச் செல்வது 20 அலகு அன்று, 50 அலகு. அதாவது இரண்டரை மடங்கு. புட்டியிலும் ஊசிக்குழலிலும் உள்ள எண்கள் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் பழக்கம், பதற்றத்திலும் கைவிடக் கூடாத ஒன்றாகும்.

விமர்சனங்கள்

அச்சத்தை வெல்லுதல் பற்றிய பேச்சு, பணியாளர் பற்றாக்குறையை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது என்ற விமர்சனம் உண்டு. லிண்டா எய்க்கன் குழுவினர் 2002 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியருக்குரிய அறுவை நோயாளர் எண்ணிக்கை ஒன்று கூடும்போது, நோயாளர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுவதாகக் கண்டனர். கலிபோர்னியா மாநிலம் 2004 முதல் ஒரு செவிலியர் கவனிக்கத்தக்க நோயாளர் எண்ணிக்கைக்குச் சட்டப்படி உச்சவரம்பு விதித்தது. அளவுக்கு மீறிய நோயாளர்களைப் பெற்ற செவிலியர் அஞ்சுவது மனக்குறை அன்று. நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டதன் அடையாளம். அவ்விடத்தில் மாற வேண்டியது செவிலியரின் மனம் அன்று, பணிப்பட்டியல்.

கட்டங்களாகப் பிரிக்கும் கோட்பாடுகள் எல்லோருக்கும் ஒரே வரிசையில் பொருந்துவதில்லை என்பது மற்றொரு விமர்சனமாகும். சிலருக்குத் தேனிலவுக் கட்டமே இருப்பதில்லை. வார்டு மாறினால் சிலர் மீண்டும் தொடக்கத்துக்குச் செல்கின்றனர். எனவே இவற்றைத் தேர்வு அட்டவணைபோல் கொள்ளாமல், வழியில் எதிர்ப்படக்கூடியவற்றைக் காட்டும் வரைபடமாகக் கொள்வது பொருத்தமாகும்.

இவற்றையும் பார்க்க

* செவிலியம்
* புளோரன்சு நைட்டிங்கேல்
* நோயாளர் பாதுகாப்பு
* பணிச்சோர்வு